வளர்த்திக்கு இரண்டு விரல்

ரோலர் கோஸ்டர் வரிசை நகர்வேனா என்றது. தையல்காரம்மா நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் மகளின் ஷூவை விட்டு அகலவில்லை. கோட் தைக்கும்போது தோளுக்கு வைக்கிற பஞ்சுத் திண்டு இரண்டைக் காலையில் அவள்தான் அதற்குள் திணித்திருந்தாள். போதாததற்கு உச்சந்தலையில் ஒரு கொண்டை வேறு.

மகளுக்கு எட்டு வயது, பார்த்தால் ஆறு. வீட்டில் எல்லோருக்கும் அவள் அரைப்படி. பெரியம்மா மகள் இந்த ரோலர் கோஸ்டரில் ஏறிவிட்டு வந்து, நீயெல்லாம் மரக்குதிரை ஓட்டத்தான் லாயக்கு என்று சிரித்ததிலிருந்து அரைப்படிக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற வயிறு பொறுக்குமா? இதில் ஏற வேண்டிய உயரத்தில் இரண்டு விரல்தான் குறைகிறது. தையல்காரம்மாவின் கணக்கில் அது ஒரு குறையே இல்லை. வளர்கிற பிள்ளைகளுக்கு வளர்த்திக்கென்று இரண்டு விரல் கூட்டித் தைப்பது அவள் வழக்கம். இன்றைக்குத் தொளதொளவென்று இருந்தால் என்ன, நாளைக்குச் சரியாகிவிடும்.

வாசலில் அளவுக் கம்பத்தருகே நின்ற பணியாளர் கொண்டையை ஒரு அமுக்கு அமுக்கினார். அப்போதும் தலை அளவுக் கோட்டைத் தொட்டது. ஷூவை யார் கழற்றிப் பார்க்கப் போகிறார்கள்? உள்ளே போகச் சொல்லிக் கை காட்டினார். தையல்காரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்றைக்கும் கூட வந்திருந்த பெரியம்மா மகள் முன் வரிசையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

தாயும் மகளும் ஒரே இருக்கையில். இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பி. அது இறங்கி வந்து தையல்காரம்மாவின் வயிற்றில் அழுந்தி நின்றது. பணியாளர் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.

தையல்காரம்மா பழக்க தோஷத்தில் மகளின் வயிற்றுக்கும் கம்பிக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தாள். கை முழங்கை வரை போனது. மகள் சாய்ந்து உட்கார்ந்தால் கால் தொங்கியது. காலை ஊன்றப் போனால் உடம்பு வழுக்கிக் கம்பிக்கு அடியில் இறங்கியது. எதிரே தண்டவாளம் ஏறி, உச்சியில் தலைகீழாக வளைந்திருந்தது. இடுப்பு லூசானால் ஊக்குக் குத்தலாம், பிடித்துத் தைக்கலாம். இந்தக் கம்பியை எங்கே பிடித்துத் தைப்பது? மகள் அடுத்த வருஷம் வளர்ந்துவிடுவாள், சரி. கம்பிக்கு அந்த வளர்த்தி இன்றைக்கல்லவா வேண்டும்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அரைப்படிக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லாதம்மா. எல்லாரும் பாக்குறாங்க. நான் கெட்டியா பிடிச்சுக்கறேன்."

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.

"நிறுத்துங்க!" தையல்காரம்மா தொண்டை கிழியக் கத்தினாள். "பிள்ளை அளவு பத்தாது. ஷூல பஞ்சு வச்சு ஏமாத்திட்டேன்."

வண்டி நின்றது. அத்தனை தலையும் திரும்பியது, பெரியம்மா மகளின் தலையும்தான். பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். பணியாளர் ஓடி வந்து கம்பியைத் தூக்கினார். ஷூவிலிருந்து பஞ்சை உருவிப் பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை. தையல்காரம்மா கூனிக்குறுகி இறங்கினாள். அரைப்படி அவள் இடுப்பில் குத்திக் குத்தி அழுதாள்.

வெளியே வரும் வழியில், வரிசையில் நின்ற ஒருவர் தன் பையனுக்குக் குதிகாலைத் தூக்கி நிற்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அழுகிற பிள்ளையைப் பார்த்ததும் அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. ஒரு விரல், இரண்டு விரலுக்கெல்லாமா இப்படிக் கெடுபிடி பண்ணுவார்கள் என்று தையல்காரம்மாவிடம் அங்கலாய்த்தார்.

அவள் நின்றாள்.

"அந்தக் கோடு பிள்ளை பெருசாயிடுச்சான்னு பாக்கறதுக்கு இல்லைங்க. உள்ள இருக்கற கம்பியால பிள்ளையைப் பிடிச்சு வைக்க முடியுமான்னு பாக்கறதுக்கு. அங்க நிக்கறவரை ஏமாத்துறோம்னு நினைச்சேன். என் பிள்ளையைத்தான் ஏமாத்தியிருக்கேன். இவ இனிமே ஒரு வாரம் என்கூடப் பேச மாட்டா. பேசாம இருக்கட்டும். இருக்காளே, அது போதும்."