ஜமீலுன்னிசா கடைச் சாவி

அன்று காலை டிபன் பாக்ஸை நீட்டி, "கையெழுத்து?" என்றேன். என் கணவர் நிரஞ்சன் பேப்பர் ஓரத்தில் 'எலுமிச்சை சாதம் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தேதியும் போட்டுவிட்டு, அடையாறு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். 1999 பிப்ரவரி. மத்தியானம் ஆபீஸ் நாற்காலியிலேயே மாரடைப்பில் போய்விட்டார்.

அந்தக் கையெழுத்து விளையாட்டு அவர் வேலையிலிருந்து வந்தது. கம்ப்யூட்டர் வழியாகப் போகும் கடிதத்தை, அனுப்பியவர் 'நான் அனுப்பவில்லை' என்றோ, பெற்றவர் 'எனக்கு வரவில்லை' என்றோ பின்னால் மறுக்க முடியாதபடி வழிமுறை அமைப்பது அவர் ஆராய்ச்சி. வீட்டிலோ, எங்கள் கிரகப்பிரவேசப் பத்திரிகை வரவே இல்லை என்று அவர் தம்பி ஹரி மூன்று வருடம் பேசாமல் இருந்தான். தபாலில் போட்டேன் என்று இவர் சத்தியம் செய்வார்.

1997 தீபாவளிக்கு முன்பு இவருக்குப் பொறுக்கவில்லை. தம்பிக்கு ஒரு கடிதம் எழுதித் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியை எங்கள் மயிலாப்பூர் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஜமீலுன்னிசாவிடம் கொடுத்தார்.

"'பெட்டி வந்தது'ன்னு ஹரி எழுதிக் குடுத்தா, சீட்டை வாங்கிண்டு சாவியைக் குடுங்கோ. சீட்டு இல்லேன்னா யார் கேட்டாலும் சாவி கிடையாது."

"பொட்டியும் இங்கியே இருக்கட்டுமே சார்?"

"உங்க கடையில எடத்தை எதுக்கு அடைக்கணும்? சாவி மட்டும் போறும்."

பெட்டியைத் தி. நகரில் ஹரி வீட்டுக்கு நான்தான் கொண்டுபோய், சீட்டு எழுதிக் கொடுத்தால் தையல் கடையில் சாவி கிடைக்கும் என்றேன். ஹரி அதைக் குலுக்கிப் பார்த்தான்.

"கையெழுத்தை வாங்கிண்டு அண்ணா சாவி தரலேன்னா?"

"அதனாலதான் சாவி அவர்கிட்ட இல்லே."

"கிராதகன்!" என்று சிரித்துவிட்டான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, நனைந்த சீட்டோடு எங்கள் வாசலில் நின்றான்.

"தையல் கடை பத்து மணிக்குத்தான் திறப்பாளாம். அதுவரைக்கும் மழையில நிக்கச் சொல்றியாண்ணா?"

இவர் முகம் மாறியது. "நடுவுல இருக்கறவா இல்லேன்னா என்ன பண்றது? அதை நான் யோசிக்கவே இல்லையேடா! உள்ள வா."

மூன்று டம்ளர் காபி. இருவரும் அதற்கு வழி தேடி, சாப்பாட்டு வேளை வரை கத்திக்கொண்டிருந்தார்கள். சீட்டு ஹரியின் சட்டைப் பையிலேயே கூழாகிவிட்டது. சாவி வாங்காமலே போனான். அடுத்த ஞாயிறு மறுபடி வந்தான்; பிறகு எல்லா ஞாயிறும்.

இவர் போன பிறகு, அந்தக் கடிதத்தைப் படிக்க எனக்கு ஆசை வந்தது. ஜமீலுன்னிசாவிடம் சாவி கேட்டேன். கண் கலங்கினாள். ஆனாலும், "சீட்டு இருக்குதா மாமி? சார் சொல்லிக்கீறாரு" என்றாள்.

ஹரியிடம் சீட்டு கேட்டேன். "அண்ணாகிட்டேருந்து வர வேண்டியது ஒண்ணாவது மிச்சம் இருக்கட்டும் மன்னி" என்றான்.

சாவி இன்னும் அந்தக் கடையில்தான், கத்தரிக்கோலுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.