மொச்சைக்கொட்டை ராஜா

நாங்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அடிக்கிற அச்சகம். வெயில் காலத்திலேயே பனிமரத்தை அச்சடிக்கத் தொடங்கிவிடுவோம். டிசம்பர் வருவதற்குள் அந்தச் சிவப்புத் தொப்பிக் கிழவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘சரித்திரம்’. கல்லூரியில் சரித்திரம் படித்தவர். அதை எங்கள் தலையில் கட்டாமல் விடமாட்டார். பண்டிகைக்கு முந்தைய நாள் மதியம் எல்லோரையும் நிற்கவைத்துக் கேக் வெட்டுவார்.

“ஏசு பொறக்கறதுக்கு முன்னாடியே ரோமாபுரில டிசம்பர்ல ஒரு விழா இருந்துச்சுப்பா. அன்னிக்கு எஜமான் அடிமைக்குப் பரிமாறுவான். சீட்டுப் போட்டு ஒருத்தன ராஜா ஆக்குவாங்க. பின்னாடி வந்தவங்க கேக்குக்குள்ள ஒரு கொட்டைய வச்சு, அது யாருக்கு வருதோ அவன்தான் ராஜான்னாங்க.”

எங்கள் கேக்கிலும் ஒரு மொச்சைக்கொட்டை இருக்கும். அது கிடைத்தவர் சாயங்காலம் வரை மேனேஜர். அவர் சொன்னதுதான் சட்டம். பன்னிரண்டு வருஷமாக எனக்கு அது கிடைத்ததே இல்லை. ஒவ்வொரு வருஷமும் வாயில் துழாவிப் பார்த்து ஏமாந்தேன்.

இந்த வருஷம் மொச்சை என் தங்கை புருஷன் வாயில் அகப்பட்டது. கட்டிங் மெஷினில் நாங்கள் இரண்டே பேர்தான், நானும் அவனும். மூன்று வருஷத்துக்கு முன் அவனை இங்கே சேர்த்துவிட்டதே நான்தான். யாருக்கும் தெரியாமல் சட்டையில் துடைத்து என் கேக் துண்டுக்குள் அதைச் செருகினான்.

“நீயே ராஜாவா இரு மச்சான். எனக்கு இதெல்லாம் கூச்சம்.”

காகிதக் கிரீடம் என் தலையில் ஏறியது. மேனேஜர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். சரித்திரம் ஏப்ரன் கட்டி டீ கொண்டுவந்தார். சூடு போதவில்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன். பிறகு முட்டிபோட்டு மெஷினுக்கு அடியில் கிடந்த காகிதத் துணுக்கெல்லாம் கையால் பொறுக்கச் சொன்னேன். அவருக்கு மூட்டுவலி என்பது எனக்குத் தெரியும். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பொய் சொல்வானேன், அப்படியொரு சுகம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, மேஜையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“ராஜா, மேலிடத்திலேர்ந்து வந்திருக்கு. கட்டிங்ல ஒரு ஆளக் கொறைக்கணுமாம். பேர் எழுதற எடம் காலியா இருக்கு. இன்னிக்கு மேனேஜர் நீங்கதான?”

சிரிப்பு நின்றது. விளையாட்டா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கடிதத்தில் கம்பெனி முத்திரை இருந்தது.

தங்கைக்கு இது எட்டாவது மாசம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். எனக்கு மட்டும் என்ன, வீட்டில் நான்கு பேர். அவன் வந்து மூன்று வருஷம், நான் வந்து பன்னிரண்டு வருஷம் என்று கணக்குச் சொல்லிக்கொண்டேன். மாப்பிள்ளை எதிரில்தான் நின்றான்; வாயில் இரண்டாவது துண்டுக் கேக் இருந்தது. அவனைப் பார்க்காமல் அவன் பெயரை எழுதினேன். எழுத்து அழகாகவே வந்தது.

சரித்திரம் அதைச் சத்தமாக வாசித்தார். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டு பேரும் இருக்கட்டும்னு ராஜா உத்தரவு போட்டிருந்தா மேலிடத்தோட மல்லுக்கட்டியிருப்பேன்ப்பா. வழக்கத்த நான் எப்பவாச்சும் மீறியிருக்கேனா? காகிதத்தக் கிழிச்சே போட்டிருக்கலாம்.”

பொய்யாக இருக்கலாம். முட்டிபோட்ட வலிக்கு வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டார் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் மாப்பிள்ளை நம்பிவிட்டான். வாயில் இருந்ததை மெல்ல விழுங்கினான்.

“உனக்கு அது தோணவே இல்லயா மச்சான்?”

தோன்றவில்லை. அதில் என் பெயர் வந்துவிடக்கூடாது என்பது மட்டும்தான் தோன்றியது.