நீக்கப்பட்ட கணவன் வாங்கிய ராட்டினம்

1.

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல; பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடைத்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் முறைக்காகக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலிப் பெண் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஆளு போயாச்சு, சரி. அந்தாளு கடன் மட்டும் ஏன் என்னோடவே குடியிருக்கு?" வலி சட்டென்று நின்றுவிட்டது. டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

(நம்பாதீர்கள். வலி நிற்கவில்லை. மற்றதெல்லாம் சத்தியம்.)

2.

தொடக்கம்: மழை வலுத்துக்கொண்டிருந்த அந்த மாலையில் அவள்

வேண்டாம். என் கதைகளில் இதுவரை பெய்த மழைக்கு ஓர் அணையே நிரம்பியிருக்கும்.

மறுபடி தொடக்கம்: அவள் சாவி வெட்டுகிறவள்.

இது தேவலை. இரண்டு கட்டடங்கள் ஒன்றையொன்று பிடிக்காமல் விலகி நின்ற இடுக்கில் அவள் கடை. உள்ளே நுழைந்தவர் திரும்ப முடியாது. பின்பக்கமாகவே நடந்துதான் வெளியே வரவேண்டும். சுவர் முழுக்க வெட்டாத சாவிகள். மேடையில் சாவி வெட்டும் மெஷின். அது ஓடினால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். பித்தளைத் தூள் படிந்து அவள் புருவங்கள் வெயிலில் மினுங்கும்.

கதைக்கு வேண்டுமே என்று ஒரு கணவனைப் போட்டேன். அவன் தவணைக் கடனில் ஒரு குதிரை ராட்டினம் வாங்கினான். ஜாமீன் கையெழுத்து அவளுடையது. பிறகு இருவருக்கும் ஒத்துவரவில்லை. கோர்ட்டில் பிரித்துவைத்தார்கள். ராட்டினத்தில் ஏறிக் கிளம்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும் என்பதால் அவன் பஸ்ஸில் போனான். போகும்போது குதிரைகளை மட்டும் கழற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். (கண்டக்டர் கறாரானவர். குதிரைகளுக்கும் முழு டிக்கெட்.) குதிரையில்லாத ராட்டினத்தை யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்? கடன் கம்பெனி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

3.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கணவன் பாத்திரம் எடுபடவில்லை. வாயைத் திறந்தால் மேடைப்பேச்சு; மூடினால் அவன் இருப்பதே தெரியவில்லை. தயவு பார்க்காமல் கதையிலிருந்தே அடித்துவிட்டேன். பெயர், மீசை, பஸ் எல்லாம் போயிற்று. கடனை அடிக்க மறந்துபோனேன்.

(மேலே அவன் இன்னும் இருக்கிறானே என்பீர்கள். கோடு போட்டிருக்கிறேன். அச்சில் தெரியாது.)

4.

வசூல்காரர் கடை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, வீட்டுக்காரர் இருக்காரா?"

"முன்னாள் வீட்டுக்காரர்."

"கடன்ல முன்னாள்னு ஒண்ணு கிடையாதுக்கா. கையெழுத்து உங்களோடதுதானே?"

"என்னோடதுதான். அப்ப அந்தாளு புருஷனா இருந்தாரு. இப்ப கதையிலயே இல்ல."

"இல்லன்னா?"

"எழுதுறவரு அடிச்சிட்டாரு தம்பி. போய் அவரைக் கேளுங்க."

"கேக்கறேன். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலன்னா இந்த மெஷினைத் தூக்கிடுவோம். சொல்லிட்டேன்."

5.

என் வீட்டு அழைப்புமணி அடித்தது.

"அந்தாளை உண்டாக்குனது நீங்கதானே சார்?"

"ஆமா."

"காணாமப் போக்குனதும் நீங்கதானே?"

"அது இலக்கியக் காரணங்களுக்காக."

"அதையெல்லாம் எங்க மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு."

"சரி, கடனையும் அடிச்சிடறேன். பேனா கையிலதான் இருக்கு."

"அடிச்சா என் வேலை போயிடும் சார். எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க."

"உங்களுக்குப் பொண்ணுங்க இருக்கறதா நான் எழுதவே இல்லையே!"

"இப்ப எழுதிட்டீங்களே."

குனிந்து பார்த்தேன். எழுதித்தான் இருந்தேன். இந்த வயதில் கை என் பேச்சைக் கேட்பதில்லை.

6.

வேறு வழி தெரியாமல் கணவனைத் திரும்ப எழுதினேன். வந்து கடன் கட்டட்டும் என்ற எண்ணம்தான். குதிரைகளோடு வந்து இறங்கினான். கடைக்குள் தலையை நீட்டி, "இன்னும் கோபமா?" என்றான். அவள் மூச்சு விடுவதற்குள் தொடர்ந்தான்: "ராட்டினமெல்லாம் சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம். இனிமே ஜெயன்ட் வீல்தான். நீ ஒரே ஒரு கையெழுத்து மட்டும்..."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, முதல்ல இந்தாளை எடுங்க."

"எடுத்தா கடன் மறுபடி உன் தலையிலதானேம்மா விழும்?"

"விழட்டும். கடன் காலையில எந்திரிச்சு காபி கேக்காது."

அடித்தேன். இந்தமுறை குதிரைகளையும் சேர்த்து.

7.

இரக்கமான முடிவு ஒன்று தோன்றியது: வெள்ளிக்கிழமையை எழுதாமலே விட்டுவிடுவது. வியாழக்கிழமையை இழுத்துப் பிடித்து நிறுத்தினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"என்னய்யா பண்றீங்க? நாளைக்கு வாங்கிக்கறேன்னு சொல்லிட்டுப் போனவங்க ஒருத்தரும் வரல. வெட்டுன சாவி குவிஞ்சு கிடக்கு."

"உன் மெஷினைக் காப்பாத்தறேம்மா."

"என்னைக் கேட்டீங்களா? அந்தாளும் இப்படித்தான், எல்லாம் உனக்காகத்தான்னு சொல்லித்தான் ராட்டினம் வாங்குனாரு. வெள்ளிக்கிழமையை விடுங்க. வர்றது வரட்டும், நான் பேசிக்கறேன்."

ஒரு பெண் இப்படிக் கேட்டபின் கிழமையைப் பிடித்துவைத்திருப்பது முறையல்ல. விட்டேன்.

8.

வெள்ளிக்கிழமை. ஷட்டர் தூக்கியாயிற்று. மெஷின் ஓடுகிறது. அவள் தலை நிமிராமல் ஒரு சாவியை வெட்டிக்கொண்டிருக்கிறாள். வசூல்காரர் ஓர் ஆளோடு வந்திருக்கிறார். மெஷினைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். வசூல்காரருக்கு இடுப்புப் பிடிப்பு. இது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

"இன்னொரு ஆளு எங்கப்பா?" என்கிறார் அவர்.

"அவரு எழுதலையே சார்," என்கிறான் வந்தவன்.

மூவரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன். நான் எழுதினால் ஒரு கட்சி, எழுதாவிட்டால் மறு கட்சி. இந்த வம்பே வேண்டாம்.

வசூல்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்.

"ஏங்க, அங்க ரொம்ப நேரமா சும்மாதானே நின்னு படிச்சிட்டிருக்கீங்க? வந்து ஒரு கை பிடிங்க."

அவள் மெஷினை நிறுத்தவில்லை. சாவியை ஊதித் தூளைத் தட்டிவிட்டு, கடைக்கு வருகிற எல்லோரையும் கேட்கிற அதே குரலில் உங்களைக் கேட்கிறாள்:

"வாங்க. சாவி வெட்டணுமா, மெஷின் தூக்கணுமா?"