கொட்டாத குப்பைத்தொட்டி

கம்ப்யூட்டர் கடைக்காரன் வந்து பார்த்துவிட்டு, "பெரியவரே, இதுக்கு வயசாயிடுச்சு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றான். "உனக்கும் வயசாகும்டா, அப்ப உன்னையும் தூக்கிப் போட்டுடலாம்" என்றேன். அதற்கப்புறம் அவன் எங்கள் தெருப் பக்கமே வருவதில்லை.

ஆயுசில் பாதி சரக்கு வேன் ஓட்டியவன் நான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். ஆனால் ஒன்று தெரியும். பட்டறையில் வண்டியை விட்டால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். புதுப் பாகம் போட்டேன் என்று மெக்கானிக் சொன்னால், கழற்றின பழசைக் கையில் வாங்காமல் நகரக் கூடாது. அவன் குப்பைத்தொட்டியைக் கிளறி என் வண்டியின் நல்ல பாகத்தை எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். பட்டறைகளில் எனக்குச் 'சந்தேகம்' என்றே பெயர். "சந்தேகம் வருது, எல்லாத்தையும் எடுத்து வைங்கடா" என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். என் வண்டி நடுரோட்டில் நின்றதில்லை.

அதனால் என் மகள் பென்டிரைவோடு வந்து உட்கார்ந்ததும், நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு சிஸ்டத்தைப் புதுசா போடப் போறேன்பா. அப்புறம் பாருங்க, பறக்கும்."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும்தான். வீட்டைக் காலி பண்ணி வெள்ளையடிக்கிற மாதிரி."

"அப்படின்னா முதல்ல உங்கம்மா வீடியோவைக் கண்டுபிடி. அது கிடைக்காம ஒரு பொத்தானையும் தொடாத."

அந்தக் கம்ப்யூட்டர் மகள் படிப்புக்கு வாங்கியது. அவள் கல்யாணமாகிப் போனதும் என் வீட்டுக்காரி அதைப் பிடித்துக்கொண்டாள். மகளிடம் போனில் கேட்டுக் கேட்டே எல்லாம் கற்றுக்கொண்டாள். எனக்கு மௌஸ் பிடிக்கக் கற்றுக் கொடுத்ததும் அவள்தான். "ஸ்டீயரிங் மாதிரி இறுக்காதீங்க, அது எங்கயும் ஓடிடாது" என்பாள். சாயங்காலம் பொத்தானை அழுத்திவிட்டு டீ போடப் போவோம். குடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு நாளும் அவள் அதைத் திட்டியதில்லை. "வரட்டும், எங்க போகப் போறோம்" என்பாள். அடுப்படியில் நின்றபடி நாங்கள் பேசிய பேச்செல்லாம் அந்தச் சக்கரத்தின் புண்ணியம்.

ஒரு நாள் கேமரா வேலை செய்கிறதா என்று அவளே தன்னைப் படம் பிடித்துப் பார்த்தாள். அவள் பேசி அசைகிற வீடியோ அது ஒன்றுதான். மற்றதெல்லாம் போட்டோ. எல்லாவற்றிலும் ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரி விறைத்து நிற்பாள். அவள் கண்ணை மூடிய பிறகு அந்த வீடியோவை நான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. திரையில் அது இருந்த இடம் தெரியும். இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஒரு நாள் அந்த இடம் காலியாக இருந்தது.

"கடைக்காரன்தான்" என்றேன் மகளிடம். "தூசி தட்ட வந்தான், தூக்கிட்டான்."

"உங்க பொண்டாட்டி வீடியோவை வச்சு அவன் என்ன பண்ணப் போறான்?"

"களவாணிக்குக் காரணம் வேணுமா?"

அவள் தேடினாள். வீடியோ இருக்க வேண்டிய இடம், படங்கள் இருக்கிற இடம், எல்லாவற்றையும் திறந்து பார்த்தாள். மெஷின் மேட்டில் ஏறுகிற லாரி மாதிரி முனகியது. கிடைத்ததையெல்லாம் பென்டிரைவில் ஏற்றினாள். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இல்லப்பா. போனது போயிடுச்சு. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"குப்பைத்தொட்டியைப் பாத்தியா?"

"குப்பையை யாராவது காப்பி எடுத்து வைப்பாங்களா?"

"காப்பி எடுக்கச் சொல்லல. கிளறச் சொல்றேன்."

திரையின் கீழ் மூலையில் குப்பைத்தொட்டிப் படம் ஒன்று உண்டு. வேண்டாததை இழுத்து அதில் போடுவேன். என் அண்ணன் தினமும் அனுப்புகிற காலை வணக்கப் படங்கள், கோபம் வந்தால் அண்ணன் படம், வம்புக் கடுதாசி, எல்லாம் அதில்தான். "நீங்க போடுங்க, கொட்டுறதை நான் பாத்துக்கிறேன்" என்று என் வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். வீட்டிலும் அதே வழக்கம்தான். நான் போடுவேன், அவள் கொட்டுவாள்.

மகள் சலிப்போடு அதன்மேல் மௌஸை வைத்து வலது பக்கம் அழுத்தினாள். அப்புறம் கிட்டக் குனிந்து பார்த்தாள்.

"என்னப்பா இது? குப்பைத்தொட்டின்னா 'காலி செய்'னு ஒரு வரி வரணும். இதுல வரல."

"ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல. இது குப்பைத்தொட்டியே இல்ல. ஃபைல் போட்டு வைக்கிற சாதாரணப் பெட்டி. மேல தொட்டிப் படத்தை ஒட்டி வச்சிருக்கு. நிஜத் தொட்டியைக் காணோம், யாரோ ஒளிச்சு வச்சிருக்காங்க." சட்டென்று நிறுத்தினாள். "அய்யோ, அம்மா! ஒரு தடவை போன் பண்ணி, 'பெட்டியோட படத்தை எப்படி மாத்துறது'ன்னு கேட்டாங்க. எதுக்குன்னு கேட்டா, 'உங்கப்பாவுக்கு'ன்னாங்க. ஏதோ அழகுக்குன்னு நினைச்சேன்."

திறந்தாள். நான் வருஷக்கணக்காகத் தூக்கிப் போட்டதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. அண்ணன் மட்டும் பத்துப் பதினைந்து பேர் இருந்தான். ஒன்றையும் என் வீட்டுக்காரி கொட்டவில்லை. என் கோபத்தை அவள் நம்பியதே இல்லை போலிருக்கிறது. என்னைச் 'சந்தேகம்' என்றார்களே, அவளை என்னவென்று சொல்வது?

காலை வணக்கக் கூட்டத்துக்கு நடுவில் அந்த வீடியோ இருந்தது.

"கடைக்காரன் எடுக்கல. நீங்களே வணக்கத்தோட சேர்த்து வாரிப் போட்டிருக்கீங்க" என்றாள் மகள். "அவன்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

"பாக்கலாம். போடு அதை."

முகம் திரை முழுக்க வந்தது. மூக்குக் கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது. "ஏங்க, இதுல பச்சையா ஒண்ணு எரியுது, ஓடுதா இல்லையா? இங்க வாங்களேன்." உள்ளேயிருந்து என் குரல்: "டீ ஆறுது, வா." "வர மாட்டாரு" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தாள். அவ்வளவுதான்.

மகள் மூக்கை உறிஞ்சினாள். நான் அந்தப் பெட்டியை அப்படியே பென்டிரைவில் ஏற்றச் சொன்னேன். ஏறிவிட்டதா என்று அவளுடைய லேப்டாப்பில் போட்டு இன்னொரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னேன். காட்டினாள். "இப்ப அழி" என்றேன்.

அழித்தாள். மெஷின் அணைந்து எழுந்தது, மறுபடி அணைந்து எழுந்தது. என்னென்னவோ கேட்டது, அவள் பதில் சொன்னாள். கடைசியில் வெறுந்திரை வந்தது. அதில் ஒன்றே ஒன்று இருந்தது, குப்பைத்தொட்டி.

"இது நிஜத் தொட்டிப்பா" என்றாள்.

"அதை ஒளிச்சு வை. உங்கம்மா பெட்டியைக் கொண்டுவந்து பழைய மூலையில வை. தொட்டிப் படத்தையும் ஒட்டு."

"உங்களுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே. இனிமே யாரை ஏமாத்தப் போறீங்க?"

"எனக்குத் தெரிஞ்சா என்ன? என் கோபத்துக்குத் தெரியாதுல்ல."

செய்து கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த நாளே அண்ணனைத் தூக்கிப் போட்டேன்.

மகள் சொன்னபடி பறக்கத்தான் செய்கிறது. பொத்தானை அழுத்தினால் பால் பொங்குவதற்குள் திரை வந்து நிற்கிறது. நிற்கட்டும். நான் டீயைக் குடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவேன்.