ஐரின் மிஸ் வீட்டு ஓவன்

தேதி போடாமல் பாண்டீஸ்வரி எதையும் எழுதமாட்டாள். அவனியாபுரத்து ரத்தப் பரிசோதனை நிலையத்தில் குழாய் குழாயாக லேபிள் ஒட்டி வந்த பழக்கம் அது. காளவாசலில் ஐரின் மிஸ் தன் வீட்டு மாடியில் மாலை நேரத்தில் நடத்தும் பாலிமர் கிளே என்ற செயற்கைக் களிமண்ணில் நகை செய்யும் வகுப்பில் சேர்ந்த அன்றே ஒரு நீள நோட்டு வாங்கிவிட்டாள். எந்த நிறத்தை எவ்வளவு கலந்தாள், எத்தனை நிமிடம் பிசைந்தாள், எத்தனை டிகிரியில் சுட்டாள், எல்லாம் அதில் ஏறும். கடைசியில் ஒரு சந்தேகமும் ஏறும். 'மொட்டு உருட்டினால் கைரேகை விழுகிறது. ஆன்சிக்கு விழவில்லை. என் விரல்தான் சரியில்லையோ?'

ஆன்சி பக்கத்து நாற்காலிக்காரி. எதையும் அளக்கமாட்டாள். கிளேயைக் கிள்ளினால் போதும், அது இதழாகிவிடும்.

"வந்துட்டாங்கய்யா கணக்குப்பிள்ளை," என்பாள். "இன்னைக்கு எம்புட்டுங்க பச்சை? கடுகு அளவா, அரைக்கடுகா?"

"சிரி. போன வாரம் நீ கலந்த பச்சை இன்னைக்கு உனக்கே வராது."

"வராட்டி என்ன, உன் நோட்டு இருக்குல்ல."

உசிலம்பட்டியிலிருந்து வேலைக்கு வந்து இரண்டு வருடமாகியும், பாண்டீஸ்வரியைக் கேலி செய்ய மதுரையில் ஒரு ஆள் இல்லாமல் இருந்தது. ஹாஸ்டலில் அவளைக் கட்டில் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆன்சி கேலி செய்த நாட்களில், பேருந்தில் நின்றுகொண்டு வந்தாலும் கால் வலிக்கவில்லை.

மல்லிமொட்டுக் கம்மல் அவர்கள் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தது. உருட்டியது ஆன்சி. ஆனால் வெள்ளை மொட்டு சுட்டு எடுக்கும்போதெல்லாம் பழுப்பேறியது. ஆன்சி வராத ஒரு நாளில் பாண்டீஸ்வரி ஓவனுக்குள் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். கிளே பாக்கெட்டில் போட்டிருந்த நூற்றுமுப்பது டிகிரி, ஓவன் குமிழை நூற்றுப்பத்தில் வைத்தாலே உள்ளே வந்துவிட்டது. அதன் பிறகு நூற்றுப்பத்திலேயே சுட்டார்கள். மொட்டு பறித்த மாதிரியே வெள்ளையாக வந்தது.

"எங்க மாதா கோயில் கிறிஸ்மஸ் விற்பனையில ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்டாலு," என்றாள் ஆன்சி. "போர்டுல உன் பேருதான் மொதல்ல. எழுதிக்க, தேதி போட்டு."

பாண்டீஸ்வரி தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.

டிசம்பர் முதல் தேதி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் விற்பனை நோட்டீஸ் வந்தது. மல்லிமொட்டுக் கம்மல் படம். கீழே, 'ஆன்சி கைவண்ணம்.' வேறு பெயர் இல்லை. பாண்டீஸ்வரி படத்தைப் பெரிதாக்கி ஓரங்களிலெல்லாம் தேடினாள். அடுத்த வகுப்புக்கு ஆன்சி வரவில்லை. மூன்றாம் தேதி அவளிடமிருந்து செய்தி வந்தது.

'வீட்ல புது ஓவன் வாங்கியாச்சு. ஸ்டாலுக்கு எல்லாம் இங்கயே சுடப் போறேன். உன் நோட்டுல மொட்டுப் பக்கம் மட்டும் போட்டோ எங்கிட்ட இருக்கு. 110 தானே பாண்டி?'

நோட்டீஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

'உன் ஓவனில் 130 வை' என்று பாண்டீஸ்வரி அடித்தாள். நோட்டீஸை மறுபடி திறந்து பார்த்தாள். பிறகு அழித்துவிட்டு, 'நோட்டில் உள்ளபடிதான்' என்று அனுப்பினாள். பொய் சொல்லவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நோட்டில் அப்படித்தானே இருக்கிறது.

விற்பனையன்று போகாமல் இருக்க முடியவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது ஒரு அம்மா கண்ணாடி முன் நின்று கம்மலை மாட்டிக்கொண்டிருந்தார். திருகாணியைத் திருகியதும் மொட்டு காம்போடு உடைந்து கையில் வந்தது. அடுத்த ஜோடியும் அப்படியே. வேகாத கிளே காய்ந்த ரொட்டி மாதிரி உதிரும். மதியத்துக்குள் ஆன்சியின் மேசையில் பாதிப் பெட்டி நொறுங்கிக் கிடந்தது.

"யாரும்மா உனக்குச் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார் விற்பனைக் கமிட்டி ஆள் ஒருவர்.

"சொல்லிக்குடுத்தவ சரியாத்தான் குடுத்தா," என்றாள் ஆன்சி. "என் கைதான் அவசரக் கை."

பாண்டீஸ்வரியைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீ வரமாட்டேன்னு நெனச்சேன்டி. எங்க கோயில் பங்கைச் சேர்ந்தவங்க பேருதான் போடணும்னு கமிட்டியில சொல்லிட்டாங்க. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம பயந்துக்கிட்டு இருந்துட்டேன். என் மேல தப்புதான்."

பாண்டீஸ்வரி அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். உடைந்த மொட்டுகளைப் பொறுக்கி ஒரு கவரில் போட்டாள்.

அடுத்த வகுப்பில் ஆன்சி தன் பழைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். "கணக்குப்பிள்ளை, நோட்டக் குடு. எங்க தப்புச்சுன்னு பாப்போம்," என்று அவளே எடுத்துக்கொண்டாள். மொட்டுப் பக்கத்தைப் படித்தாள். சரியாகத்தான் இருந்தது. முந்தைய பக்கத்தைப் புரட்டினாள். அங்கே விரல் நின்றது.

'அக்டோபர் 14, மாலை 6.40. மிஸ் வீட்டு ஓவன், வைத்ததைவிட இருபது டிகிரி கூடச் சூடாகிறது. வேறு ஓவனில் சுடுபவர்கள் 130 வைக்கவேண்டும். இல்லாவிட்டால் உடையும். ஆன்சியிடம் சொல்ல வேண்டும்.'

ஆன்சி போனை எடுத்தாள். பழைய செய்திகளைத் தள்ளித் தள்ளி ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"நான் கேட்டது டிசம்பர் மூணு," என்றாள். "அப்பவே உனக்குத் தெரியும்ல?"

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். இப்படி ஒரு நோட்டு வைத்திருப்பவள் மறந்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

"தெரியும்," என்றாள் பாண்டீஸ்வரி.

ஆன்சி நோட்டை மூடி, அது இருந்த இடத்திலேயே நேராக வைத்தாள். தன் உருளையையும் கத்தியையும் பொறுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"மிஸ், ஜன்னல் பக்கம் உக்காந்துக்கிறேன். இங்க காத்து வர மாட்டேங்குது."

பாண்டீஸ்வரி தேதி எழுதினாள். நேரம் எழுதினாள். அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. வெள்ளைக் கிளேயைக் கிள்ளி உருட்டினாள். முதல் தடவையாக மொட்டில் ரேகை விழவில்லை. ஆன்சியிடம் காட்டுவதற்காகப் பக்கத்தில் திரும்பினாள். நாற்காலி காலியாக இருந்தது. பிறகு அதைக் கட்டைவிரலால் நசுக்கினாள்.