கால் எங்கே இறங்கும்

"கிளிப் இல்லாத பெடல்னு சொல்றீங்க. அப்புறம் ஏன்ப்பா ஷூவைக் கவ்விக்குது?"

என் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. பள்ளி விட்டுக் கடைக்கு வந்து, கண்ணாடி அலமாரிக்கு மேலே ஒட்டியிருந்த 'கிளிப்லெஸ்' என்ற சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள். நான் விளக்கினேன். அந்தக் காலத்துப் பெடலில் ஒரு கூண்டும் ஒரு வாரும் இருக்கும். காலைக் கூண்டுக்குள் விட்டு வாரை இழுத்துக் கட்டுவார்கள். அந்தக் கூண்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். பிறகு ஷூவின் அடியில் திருகும் கிளீட் என்ற சிறு துண்டு வந்தது. அது பெடலோடு நேராகப் பூட்டிக்கொள்ளும். கூண்டு போய்விட்டதால் இந்தப் பெயர் வந்தது.

"அப்போ பேர்லயே பொய் இருக்கு. வாங்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடணும்ல?"

"சொல்லாம விடுவேனா வாண்டு?" என்றேன்.

மூன்று வருடம் கழித்து, சொல்லாமல் விட்டேன்.

சைக்கிள் கடையில் பெடலும் ஷூவும் என் பொறுப்பு. வருகிறவரிடம் என்ன சைக்கிள் என்று கேட்பதற்கு முன்னால், கால் எங்கே இறங்கும் என்று கேட்பேன். ரேஸ் சைக்கிள்காரரின் கால் வீட்டில் ஏறினால் வீட்டில்தான் இறங்கும். அவருக்கு மூன்று திருகு ஷூ. அடி மரம் மாதிரி இருக்கும், கிளீட் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், அதைப் போட்டுக்கொண்டு தரையில் நடந்தால் வாத்து நடை. மலைச் சைக்கிள்காரர் சேற்றில் இறங்கித் தள்ளுவார். அவருக்கு இரண்டு திருகு ஷூ. கிளீட் அடிப்பாகத்தின் குழிக்குள் ஒளிந்திருக்கும், பெடல் இரண்டு பக்கமும் பூட்டும். ஊருக்குள் ஓட்டி, இடத்துக்கு இடம் இறங்குகிறவருக்கு அதே ஷூதான். ஆனால் பெடல் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் பூட்டு. எதை வாங்கினாலும் நான் மண்டியிட்டு ஷூவை மாட்டிவிட்டு, பெடலின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, சுவரைப் பிடிக்கச் சொல்லி, பத்துத் தடவை பூட்டிப் பத்துத் தடவை கழற்ற வைத்துத்தான் அனுப்புவேன். பதினெட்டு வருடப் பழக்கம் அது.

என் மாமனார் எங்களோடு இருக்கிறார். சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நர்ஸக்கா வந்து கட்டு மாற்றிவிட்டுப் போவார். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் நர்ஸக்காதான். என்னைத் 'தம்பி' என்பார். "தம்பியும் நானும் ஒரே தொழில், ரெண்டு பேருக்கும் அடுத்தவங்க காலைப் பிடிச்சாத்தான் சோறு" என்று அவர் சொன்னால் மாமனார் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

ஒரு சனிக்கிழமை மதியம் கடையில் ரேஸ் குழு வந்து உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய தலைவரைக் கேப்டன் என்போம். மாதிரிக்கு வைத்திருந்த ஒரு ஜோடிப் பெடலை எடுத்து, ஸ்பிரிங் திருகை முடிகிற வரை முறுக்கி, "இதுல பூட்டின காலை எவன் பிடுங்கறான் பார்க்கலாம்" என்று பந்தயம் கட்டினார். ஒருவராலும் முடியவில்லை. சிரித்துவிட்டுத் திரும்ப அலமாரியில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது நர்ஸக்கா கூடை வைத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். சீருடையின் ஓரம் மழையில் நனைந்திருந்தது.

"தம்பி, மழையில கால் வழுக்குது. மேட்டுத் தெருவுல மட்டும் எனக்கு ஏழு வீடு. கால் நழுவாம பிடிச்சுக்கற பெடல் இருக்காமே?"

"கூடையோட ரேஸுக்குக் கிளம்பிட்டாங்கடா" என்றார் கேப்டன், காதில் விழுகிற மாதிரி. மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாயோடு அவரைப் பார்த்துச் சொன்னேன்:

"சொல்லுங்க மேடம்."

வீடு மாறிக் கதவைத் தட்டிவிட்டவர் கதவு எண்ணைப் பார்ப்பது போல அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவசரமாகக் கேப்டனின் வெள்ளை ஷூவைக் காட்டினார். "அதோ, அவர் போட்டிருக்காரே, அதையே குடுத்துடுங்க."

அது வேண்டாம் அக்கா, நீங்கள் ஏழு வீட்டுப் படி ஏறி இறங்க வேண்டும் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் சொன்னால் அக்கா என்று சொல்ல வேண்டும். அவர்கள் பார்க்க மண்டியிட வேண்டும். ஷூவை நீட்டினேன், அவரே குனிந்து போட்டுக்கொண்டார். புதுப் பெடல் மாடியில் இருந்தது. ஏறச் சோம்பி, கைக்கு எட்டிய மாதிரிப் பெடலையே மாட்டினேன். திருகைத் தொடவில்லை. சுவர் பக்கம் கூட்டிப் போகவில்லை. "குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினா கழண்டுக்கும்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"வரேன் தம்பி" என்றார் அவர்.

"தேங்க்யூ மேடம்" என்றேன்.

திங்கட்கிழமை கட்டு மாற்ற அவர் வரவில்லை. புதன்கிழமை நடந்து வந்தார், வலது கையில் மாவுக்கட்டோடு. என் மனைவிக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வந்தாராம்.

"சிக்னல்ல சிவப்பு விழுந்துச்சு. சைக்கிள் நின்னுது, நான் நிக்கல. கால் வந்தாத்தானே? வெட்டின மரம் மாதிரி அப்படியே சாய்ஞ்சேன். பஸ்ல இருந்தவங்க எல்லாம் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துச் சிரிப்பு."

"தம்பி சொல்லித் தரலையாம்மா?" என்று மாமனார் கேட்டார்.

"தந்தார் ஐயா. எனக்குத்தான் பழக்கம் இல்ல, வயசும் ஆச்சு. இனி சைக்கிளே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். மேட்டுத் தெருவை வேற யாருக்காவது குடுத்துடுங்கன்னு ஆபீஸ்ல சொல்லியாச்சு. மாவுக்கட்டு பிரிக்கிற வரைக்கும் யோசிங்கன்னாங்க. யோசிக்க என்ன இருக்கு? அந்த மேட்டுல நடந்து ஏழு வீடு முடியுமா?"

"எல்லாரும் ஒரு தடவை விழுவாங்கக்கா" என்றேன். இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்கிற ஆறுதல் அது. என் வாயில் அது பொய்யாக வந்தது. அக்கா என்ற சொல்கூடக் கடன் வாங்கினது போல் இருந்தது.

அவருடைய சைக்கிள் ஹேண்டில் நிமிர்த்தக் கடைக்கு வந்திருந்தது. மறுநாள் காலை பிரார்த்தனையில், அவர் கை குணமாகட்டும் என்று வேண்டினேன். வேண்டி முடிக்க முடியவில்லை. உன் கை என்ன செய்தது என்று யாரோ எதிரே உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பது போல் இருந்தது. கடைக்குப் போய், மேசையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சைக்கிளில் ஏறி என் ஷூவைப் பூட்டினேன். குதிகாலைத் திருப்பினேன். வரவில்லை. பதினெட்டு வருடப் பழக்கமுள்ள கால் அசையவில்லை. கடைசியில் ஷூவின் வாரை அவிழ்த்துக் காலை மட்டும் உருவிக்கொண்டு இறங்கினேன். ஷூ பெடலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

புண்ணைப் பார்த்தால் என் மனைவிக்குத் தலை சுற்றும். அதனால் வெள்ளிக்கிழமை கட்டு மாற்ற நான் மண்டியிட்டேன். நர்ஸக்கா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். துணியைச் சுற்றும்போதே சொன்னேன்.

"அக்கா, நீங்க பழக்கமில்லாம விழல. அந்தப் பெடலைக் கேப்டன் விளையாட்டுக்கு முறுக்கி வச்சிருந்தார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் அதையே மாட்டிக் குடுத்தேன். ஷூவும் உங்களுக்கு ஆகாததுன்னு தெரியும். அவங்க சிரிச்சாங்கன்னு..."

மாமனார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளின் பென்சில் நின்றது. நான் தலையை நிமிர்த்தவில்லை.

நர்ஸக்கா நான் சுற்றிய துணியைப் பார்த்துக்கொண்டே, "கை வலிக்கு மாத்திரை இருக்கு தம்பி, போட்டா அடங்குது. அன்னிக்கு மேடம்னு கூப்பிட்டீங்க பாருங்க, அதுக்கு என்ன மாத்திரைன்னுதான் எனக்கும் தெரியல" என்றார்.

"அக்கா..."

"துணியை இறுக்காதீங்க. நல்லா பிடிக்கணும்னு இறுக்கினா ரத்தம் ஓடாது. ஒரு விரல் போற அளவுக்கு விடுங்க. ம், அப்படித்தான்." இடது கையால் என் தோளை லேசாகத் தட்டினார். "பெடலை மாத்திப் பழசையே போட்டு அனுப்புங்க. வித்துடலாம்னு இருக்கேன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பழைய பெடலைப் போடவில்லை. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் பூட்டு என்ற பெடலைப் போட்டு, ஸ்பிரிங் திருகை முடிந்தவரை தளர்த்தினேன். வெள்ளை ஷூவுக்குப் பதிலாகக் கறுப்பு ஷூ ஒன்றைக் கூடையில் வைத்தேன். இரண்டு திருகு ரகம். பார்க்கச் சாதாரண நடை ஷூ போலத்தான் இருக்கும். அடியில் குழியை மூடும் தகட்டைக் கழற்றவில்லை. கிளீட்டையும் அதை முறுக்கும் திருகுச் சாவியையும் பொட்டலமாகக் கட்டி உள்ளே வைத்தேன். சைக்கிளை அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி, அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தட்டைப் பக்கம் சாதாரணப் பெடல்தான்க்கா. இன்னொரு பக்கம் உங்க இஷ்டம். திருப்பலாம், திருப்பாமலும் இருக்கலாம்."

"இந்தத் தடவை முன்னாடியே சொல்லிடறீங்க" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

ஆறு வாரம் மாமனாரின் காலுக்கு நான்தான் கட்டுப் போட்டேன். மாவுக்கட்டுப் பிரித்ததும் நர்ஸக்கா திரும்ப வந்தார், சைக்கிளில். ஷூவை வாசலில் விட்டு உள்ளே போனதும் அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். தகடு அப்படியே மூடியிருந்தது. மேட்டுத் தெருவைப் பற்றி அவர் பேசவில்லை. அடுத்த வாரமும் தகடு மூடியே இருந்தது. அதற்கடுத்த வாரமும்.

பிறகு ஒரு மழை நாள். மாமனார் உள்ளேயிருந்து, "என்னம்மா இன்னிக்கு இவ்ளோ லேட்டு?" என்று கேட்பது கேட்டது.

"மேட்டுத் தெருவுல ஏழாவது வீட்டுக்காரர் விட்டாத்தானே ஐயா! பேச்சு, பேச்சு, ஓயாத பேச்சு."

நான் வாசலில் நின்றிருந்தேன். ஷூவை எடுத்துத் திருப்பினேன். தகடு இல்லை. குழிக்குள் கிளீட் இருந்தது. அவரே வீட்டில் உட்கார்ந்து மாட்டியிருக்க வேண்டும். வலது கை இன்னும் முழுதாகத் தேறவில்லை போல. இரண்டு கிளீட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன, திருகுகள் விரலால் தொட்டாலே அசைந்தன. இப்படியே ஓட்டினால் குதிகால் திரும்பும், கிளீட் திரும்பாது. கால் மறுபடி மாட்டிக்கொள்ளும்.

திருகுச் சாவியை எடுத்து வந்து ஈரத் தரையில் மண்டியிட்டேன். முதலில் சேற்றைத் துடைத்தேன். பெருவிரலுக்குப் பின்னால் பாதத்தின் திரட்சி எங்கே அழுந்தியிருக்கிறது என்று உள்ளே விரல் விட்டுப் பார்த்து, கிளீட்டை அதற்கு நேர் கீழே நகர்த்தி, நுனியை நேராக்கி, நான்கு திருகையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். பிறகு படியிறங்கி, ஒரு ஷூவைக் கையிலேயே பிடித்துப் பெடலில் பூட்டித் திருப்பினேன். 'டிக்' என்று விட்டது. பத்துத் தடவை. மற்ற ஷூவையும் பத்துத் தடவை.

தெருவில் யாரும் இல்லை. உள்ளே, "வலிக்குதா ஐயா? முடிஞ்சிடுச்சு, முடிஞ்சிடுச்சு" என்ற குரல் கேட்டது. ஷூக்களின் நுனி வாசலைப் பார்க்கிற மாதிரி, அவர் குனியாமல் கால் நுழைக்கிற மாதிரி திருப்பி வைத்துவிட்டு, கை கழுவப் பின்பக்கம் போனேன்.