சத்தமே இல்லாத தெரு

என் வீட்டுக்காரர் கோதண்டபாணி மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் படுத்த பிறகு, அவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சத்தம்தான். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கும் ‘ட்ச்’. கையும் வராது, காலும் வராது, பேச்சும் வராது. கண் திறந்திருக்கும், ஆளைப் பார்க்காது. இமைப்பதுகூட அவர் இஷ்டத்தில் இல்லை. வாய் ஒரு பக்கம் கோணி மூடியே கிடக்கும், அதற்குள்ளிருந்து எப்போதாவது ஒரு ‘ட்ச்’ வரும். அது விக்கல் மாதிரி தானாக வருவது, அதை வைத்து ஆசையை வளர்த்துக்கொள்ளாதீர்கள் என்றார் பெரிய டாக்டர். நான் வளர்த்துக்கொண்டேன். என் புருஷன், என் ஆசை, அவருக்கென்ன போச்சு?

சென்னை ஆஸ்பத்திரியில் அந்தச் சத்தத்தை நம்பிய இன்னொரு ஆள் தேவிப்பிரியா மட்டும்தான். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். அவள்தான் பெரிய சைஸ் போன் மாதிரி இருக்கிற டேப் ஒன்றை வாங்கச் சொல்லி, என் போனில் இருக்கிற மெயில் ஐடியையே போட்டுத் திறந்து, செட்டிங்ஸை எல்லாம் மாற்றிக் கொடுத்தாள். திரையில் எழுத்துகள் பெரிது பெரிதாக வரிசையாக நிற்கும். மஞ்சள் கட்டம் ஒன்று மேலிருந்து கீழே ஒவ்வொரு வரிசையாகத் தானே நகரும். வேண்டிய வரிசைக்கு வந்ததும் அவர் ‘ட்ச்’ என்றால் கட்டம் அங்கே நின்று எழுத்தெழுத்தாக நகரும். மறுபடி ஒரு ‘ட்ச்’. எழுத்து விழுந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல் வரிசையில், அடுத்து என்ன வார்த்தை வரும் என்று டேப்பே ஊகித்து எடுத்துக் கொடுக்கும். எழுதியதை ஒரு ஆண் குரல் படிக்கும்.

“வீட்ல சத்தம் எதுனா இருக்குமா ஆன்ட்டி?” என்று தேவிப்பிரியா கேட்டாள்.

“அதெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா. எங்க தெரு ரொம்ப அமைதி” என்றேன். சாமி சத்தியமாகப் பொய் இல்லை. அப்படித்தான் நினைத்தேன்.

திருத்தணிக்குக் கூட்டிவந்த அன்றே என் கொழுந்தன் பரசுராமன் பேச்சை எடுத்துவிட்டான். அண்ணன் விழுந்ததிலிருந்து வீட்டு விசைத்தறியை ஓட்டுவது அவன்தான். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு அனுப்பியிருப்பேன்.

“அண்ணி, மணவூர் பக்கம் ஒரு இல்லம் கீது. நல்லா பாத்துக்கறாங்களாம். அண்ணன் உள்ள இல்ல அண்ணி, ஒடம்பு மட்டும்தான் கீது. இப்படியே பண்ணிகினு இருந்தா நீயும் படுத்துருவ.”

“உள்ள இருக்கார்னு தெரிஞ்சா?”

“ஒரே ஒரு வார்த்தை அவரா பேசட்டும். அப்புறம் நான் வாயைத் தொறந்தா கேளு.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் டேப்பைக் கட்டிலோரம் அவர் கண்ணுக்கு நேராக நிறுத்திவைத்தேன். முதல் நாள் கட்டம் மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே என்று நிற்காமல் ஓடியதே தவிர ஒரு எழுத்து விழவில்லை. ராத்திரி போன் போட்டேன். அவர் சத்தம் சின்னது, அதனால் டேப் இப்படித் தட்டுகிற சத்தத்தைக் கவனிக்கும் அளவை ஏற்றிப் பாருங்கள் என்று சொல்லிக்கொடுத்தாள் தேவிப்பிரியா. கடைசி வரைக்கும் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவருக்கு முகம் துடைத்துவிட்டுத் திரும்புகிறேன், முதுகுக்குப் பின்னால் ஆண் குரல்.

“எங்க.”

கையிலிருந்த துணி கீழே விழுந்தது. கட்டம் மறுபடி மேல் வரிசைக்கு வந்தது, நின்றது.

“எங்க இருக்கே.”

“இங்கதான் பாவா! இங்கயேதான் இருக்கேன்!” என்று அவர் மேல் விழுந்து அழுதேன். பரசு எண்ணெய்க் கையோடு ஓடிவந்து வாசற்படியில் நின்றான். குரல் இன்னொரு தடவை கேட்டது. அவன் அங்கேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அண்ணா அண்ணா என்று தேம்பினான். அன்றைக்கே அந்த இல்லத்துக்குப் போன் பண்ணி, வேண்டாங்க என்று சொல்லிவிட்டான்.

நான் மலைக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு வீட்டில் பேச்சுதான். காலையில் தொடங்கினால் பொழுது சாயும் வரை பேசுவார். ‘வந்துட்டேன்’ என்பார், ‘சாப்டியா’ என்பார், ‘எங்க இருக்கே’ என்பார். இருட்டினதும் அடங்கிவிடுவார். தறிக்காரர் உடம்பாயிற்றே, தறி ஓடுகிற நேரத்துக்குத்தான் முழிப்பு வரும் என்று நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் கேள்விக்குப் பதில் வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், குரல் ‘போன் எடு’ என்று சொல்லும். வலிக்கிறதா என்று கேட்டால், ‘சீக்கிரம் வா’. அதில் கோபமும் கிடையாது, ஆசையும் கிடையாது. ஒருநாள் அவரைச் சுவர்ப் பக்கம் புரட்டிப் படுக்கவைத்து முதுகு துடைக்கிறேன். அவர் முகம் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. எனக்குப் பின்னால் அவர் பேசுகிறார்.

“போன் எடு. போன் எடு. போன் எடு.”

துடைப்பதை நிறுத்திவிட்டு நின்றேன். பட்டப்பகல், ஜன்னலில் வெயில் அடிக்கிறது, எனக்கு முதுகெல்லாம் சில்லிட்டுப்போனது. புருஷன் பேச வேண்டும் என்று படியேறி வேண்டிக்கொண்டவள், அவர் பேச ஆரம்பித்ததும் அந்த அறைக்குள் போகவே பயந்தேன். சாப்பாடு ஊட்டப் போகும்போது டேப்பைப் பார்க்காமல் போவேன். இதை யாரிடம் சொல்வது? காறித் துப்பமாட்டார்களா?

அந்த வாரம் தேவிப்பிரியாவே கூப்பிட்டாள். நான் அறை வாசலில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை.

“ஆன்ட்டி, பின்னாடி அது என்ன சத்தம்?”

“இன்னா சத்தம்? ஒண்ணும் இல்லியே.”

“தடக் தடக்னு இடிக்குதே ஆன்ட்டி. நீங்க பேசுறதே எனக்குச் சரியா கேக்கல.”

காதைத் தீட்டிக் கேட்டேன். அப்போதுதான் கேட்டது. “ஓ, அதுவா? அது தறிம்மா. சுவத்துக்கு அந்தாண்ட ஓடிகினு கீது.”

நான் தறிக்குப் பக்கத்தில் பிறந்தவள், தறிக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். அது ஓடினால் எனக்குக் கேட்காது, நின்றால்தான் கேட்கும்.

“ஆன்ட்டி, அவர் அங்கேயே இருக்கட்டும். டேப்பை மட்டும் தூக்கிட்டு வேற ரூமுக்குப் போங்க” என்றாள்.

சமையலறை மேடையில் மிக்சிக்குப் பக்கத்தில் டேப்பைச் சாய்த்துவைத்தேன். என்னைத் தவிர ஒருவரும் இல்லை. கட்டம் மேல் வரிசைக்கு வந்தது.

“எங்க இருக்கே” என்று என்னைக் கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் தறி இடித்துக்கொண்டே இருந்தது.

“சீக்கிரம் வா,” என்றது. பிறகு, “பாவா.”

அவர் என் அத்தை மகன். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவரை நான் பாவா என்று கூப்பிடுகிறேன். அவர் எதற்கு என்னைப் பாவா என்று கூப்பிடப் போகிறார்? அது என் பேச்சு. அவர் ஆர்.கே.பேட்டைக்கு நூல் எடுக்கப் போய், பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்த அன்றைக்கு, வீட்டிலிருந்து மெசேஜ் மேல் மெசேஜாக நான் போட்ட பேச்சு. எங்க இருக்கே. போன் எடு. சீக்கிரம் வா பாவா. நான் அடிக்கடி எழுதுகிற வார்த்தைகளைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதையேதான் டேப் மேல் வரிசையில் நீட்டியிருக்கிறது. தறி இடித்த இடியை அவர் ‘ட்ச்’ என்று எடுத்துக்கொண்டு முதல் வார்த்தை, அடுத்த இடியில் அடுத்த வார்த்தை. இத்தனை நாளும் எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பரசுவிடம் மறைக்கவில்லை. தறியை நிறுத்தச் சொல்லிக் காட்டினேன், ஓட்டச் சொல்லிக் காட்டினேன். நின்றால் ஊமை, ஓடினால் பேச்சு. அவன் முகம் செத்துப்போனது.

“அப்ப அண்ணன் பேசவே இல்லியா?”

டேப்பை அணைத்துக் கவிழ்த்துவைத்தேன்.

“வெள்ளிக்கெழம வண்டி அனுப்பச் சொல்றேன் அண்ணி” என்றான் மெதுவாக. “என்னை வையாத.”

வையவில்லை. வைவதற்குத் தெம்பு இல்லை. தேவிப்பிரியாவுக்குப் போன் போட்டு, எங்கள் தறியை மட்டும் நிறுத்திவைத்தால் போதுமா என்று கேட்டேன். தெரு முழுக்கத் தறி ஓடினால் அவரது சின்னச் சத்தம் அதில் அமுங்கிப்போகும், ஒரே ஒருநாள் நிஜமாகவே அமைதி கிடைத்தால் போதும் என்றாள். எங்கள் தறிதான் பொழுது சாய்ந்தால் நிற்கும், மற்ற வீட்டுத் தறியெல்லாம் ராத்திரியும் ஓடும், தறிக்காரத் தெருவில் அமைதிக்கு எங்கே போவது? ஆனால் வியாழக்கிழமை எங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு. காலையில் கரண்டைப் பிடுங்கினால் சாயந்திரம்தான் கொடுப்பார்கள். மாதா மாதம் அந்த நாளைத் திட்டித் தீர்க்கிறவள், அன்றைக்கு அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். விட்டால் மறுநாள் வண்டி வந்துவிடும்.

கரண்ட் போனதும் தெருவில் இருந்த தறியெல்லாம் ஒரே மூச்சில் நின்றன. அப்பா, அப்படி ஒரு அமைதி! காக்கை கத்துவது கேட்டது, ஸ்டேஷனில் ரயில் ஊதுவது கேட்டது, அவர் மூச்சு விடுவது கேட்டது. பரசு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். நான் அவர் தாடைக்கு அடியில் ஒரு விரலை வைத்துக்கொண்டேன். காதைவிட எனக்கு விரல் மேல்தான் நம்பிக்கை. கட்டம் மேலிருந்து கீழே ஓடியது.

“பாவா, நான் ஹேமா. உள்ள இருந்தா ஒண்ணே ஒண்ணு சொல்லு” என்றேன்.

ஒன்றும் இல்லை. காலை போனது. கஞ்சி கொடுத்தேன், துடைத்துவிட்டேன், மறுபடி விரலை வைத்துக்கொண்டேன். மத்தியானமும் சாய்ந்தது. பரசு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டிக்காரனுக்கு என்ன நேரம் சொல்லியிருக்கிறான் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்போது விரலுக்கு அடியில் ஒரு துடிப்பு. ‘ட்ச்.’

கட்டம் நின்றது. மேல் வரிசையில் இல்லை. தறி எப்போதும் பிடுங்கிக்கொள்கிற அந்த ஊக வார்த்தைகளை விட்டுவிட்டுக் கீழே, எழுத்து வரிசையில் நின்றது. என் உடம்பு முழுக்கக் காதாகிவிட்டது. ‘ட்ச்.’ ‘அ’ விழுந்தது. மறுபடி ஒரு சுற்று, வேறு வரிசை, ‘ட்ச்’, ‘ட்ச்’. தப்பாக ஒன்று விழுந்தது, அதை அழித்தார். அழித்தார்! விக்கல் எங்கேயாவது எழுத்தை அழிக்குமா? பரசு என் தோளைப் பிடித்துக்கொண்டான். எழுத்தெழுத்தாக வியர்த்து வியர்த்து எழுதினார் என் புருஷன். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கடைசியில் அந்த ஆண் குரல் படித்தது.

“அது யாரு.”

“அண்ணா, நான்தாண்ணா, பரசு! பரசு வந்து உக்காந்துகினு கீறேன்!” என்று அழுதான் அவன். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். உன் தம்பி பாவா, தெரியலையா என்று சொல்லப் போனேன்.

சொல்லப்போன வாய் அப்படியே நின்றுவிட்டது. அவர் தம்பியைக் கேட்கவில்லை. இத்தனை நாளும் இந்தக் கட்டிலில், அசைய முடியாமல், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். அவர் காதுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு ஆம்பளை, காலையிலிருந்து பொழுது சாயும் வரை, எங்கே இருக்கிறாய், சீக்கிரம் வா என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறான். நானும் அவனிடம், இதோ வந்துட்டேன் பாவா, இங்கதான் இருக்கேன் பாவா என்று கொஞ்சியிருக்கிறேன். ஒரு அந்நியனுக்கு அவர் பெயரை வைத்து அவர் கண்ணெதிரே குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

“வண்டி வேணாம் அண்ணி, நான் வேணாம்னு சொல்லிடறேன்” என்று பரசு பக்கத்தில் விம்மிக்கொண்டிருந்தான். நான் அவனைக் கவனிக்கவில்லை. குனிந்து அவர் காதருகே வாயை வைத்தேன். யாரும் இல்லை பாவா, அது யாருமே இல்லை, அது நம்ம தறி என்று சொல்ல வேண்டும். மூச்சை இழுத்தேன்.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கரண்டைக் கொடுத்துவிட்டார்கள். காலையில் கரண்ட் போகிறவரை பரசு ஓட்டிக்கொண்டிருந்த தறியின் ஸ்விட்சை யாரும் அணைத்திருக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆளில்லாமல் அது தானாக எழுந்து இடித்தது. மேல் வரிசையில், ‘அது யாரு’ என்பதற்கு அடுத்து டேப் ஊகித்துவைத்த வார்த்தையில் மஞ்சள் கட்டம் நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் பதில் வந்துவிட்டது.

“நான்தான்” என்றது குரல்.

தறி இரைச்சலில் எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. என் விரலுக்கு அடியில் மட்டும் அவர் நாக்கு நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது.